லாபம், இரண்டு, மூன்று…

எங்கள் வீட்டில் கருப்பட்டி எண்ணும்போது ‘ஒன்று’ என்ற சொல்லே வராது. முதல் வட்டை எடுத்து ஓலைக் கொட்டானில் வைக்கும்போது அம்மா ‘லாபம்’ என்பார். அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று. மரக்காலால் நெல் அளந்த காலத்துப் பழக்கம் அது. முதல் மரக்காலை லாபம் என்று சொல்லித்தான் சாக்கில் கொட்டுவார்கள். சென்னையில் பத்து ஆண்டுகள் கணக்குப் பிரிவில் காலம் தள்ளிவிட்டு ஊர் திரும்பிய எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. “இன்னும் ஒரு வட்டுகூட விற்கவில்லை, அதற்குள் எங்கேயம்மா லாபம்?” என்று கேட்டேன். “எண்ணுகிற வேலையைப் பார். முடியாவிட்டால் எழுந்து போய் அடுப்பைப் பார்” என்றார்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் சென்ற வாரம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. என் வருமான வரிக் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி பேசினார். “அக்கா, செலவில் ‘கொண்டாட்டம்’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது. மொத்தம் 1,870 ரூபாய். இது என்ன செலவு?” நான் பேரேட்டைத் திறந்து வாசித்தேன். வாழைக்காய் பஜ்ஜி ஆறு, 48 ரூபாய். நன்னாரி சர்பத் மூன்று, 45. கடலை மிட்டாய் ஒரு பாக்கெட், 40. ஐந்தாறு வரி வாசித்ததும் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு தயங்கித் தயங்கி, “இதைத் தனித் தலைப்பாகக் காட்டத்தான் வேண்டுமா அக்கா?” என்றார்.

காட்டத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஏன் என்று அவருக்கு அந்த நேரத்தில் விளக்க முடியவில்லை. இங்கே விளக்கிப் பார்க்கிறேன்.

உடன்குடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து கருப்பட்டியும் பனங்கற்கண்டும் இணையம் வழியாக விற்கிறேன். பெரியப்பா பனை ஏறுகிறார், பெரியம்மா விடிலி என்ற காய்ச்சும் குடிசையில் பதநீர் காய்ச்சுகிறார், அம்மா எண்ணிக் கட்டுகிறார், நான் படம் எடுத்து, விலை சொல்லி, பணம் வாங்கி, பார்சல் அனுப்புகிறேன். 2021 மார்ச் மாதம் தொடங்கியது. பெரிய வியாபாரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான்கு ஆண்டுகளில் இரண்டாயிரத்து ஐந்நூறு பார்சல்களை இப்போதுதான் நெருங்கிக்கொண்டிருக்கிறோம்.

தொடங்கியபோது எனக்கு எண்ணம் பெரிதாக இருந்தது. இணைய வியாபாரம் சொல்லித்தருகிறேன் என்ற ஒருவரின் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். இலக்கைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், காலையில் எழுந்ததும் அதைப் பாருங்கள் என்றார். ‘ஆறு மாதத்தில் 10 லட்சம்’ என்று சிவப்பு மையில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். அம்மா அதன்மேல் பால் கணக்குச் சீட்டை ஒட்டிவிட்டார், வேறு இடமில்லையாம்.

உறவுக்காரர்கள் இரக்கப்பட்டு வாங்கியதைக் கழித்தால், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வந்த முதல் ஆர்டர் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கருப்பட்டி ஒன்றரைக் கிலோ, அஞ்சல் செலவும் சேர்த்து 640 ரூபாய். கூகுள் பேயில் பணம் விழுந்த சத்தம் கேட்டது. கடைத்தெருவில் இதற்கு முதல் போணி என்று பெயர். அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கல்லாவில் போடுவார்கள். நான் என்ன செய்தேன்? சுவரைப் பார்த்தேன். பத்து லட்சத்தில் 640 போனால் மீதி 9,99,360. கணக்குப் படித்த புத்தி. அந்த நிமிடமே அசதி வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு வாய்க் காப்பிகூடக் கூடுதலாகக் குடிக்கவில்லை. அந்தக் கோயம்புத்தூர் அம்மையாரை இப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

அடுத்து ஃபாலோயர் எண்ணும் காய்ச்சல் பிடித்தது. பெரியப்பா தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு மரம் ஏறுவதைப் பதினைந்து நொடி ரீல்ஸாகப் போட்டேன். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். இரவெல்லாம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு லட்சத்திலிருந்து வந்த ஆர்டர் மூன்று. விசாரணைகள் நிறைய வந்தன. ஒருவர் அந்த மரம் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருவர் பெரியப்பாவின் வயதைக் கேட்டு, சொன்னதும் நம்ப மறுத்துவிட்டார். (அப்போது அறுபத்து மூன்று. இப்போது அறுபத்தேழு, இன்னமும் ஏறுகிறார், சொன்னால் கேட்பதில்லை.)

ஜூலையில் பதநீர் நின்றது. பனைக்குப் பருவம் உண்டு. மாசி, பங்குனியில் பாளை விட்டு, ஆனி கடந்தால் மரம் ஓய்வுக்குப் போய்விடும். காய்ச்சுவதற்கு ஒன்றும் இல்லை, படம் எடுக்கவும் ஒன்றும் இல்லை. இருப்பு வைத்த கருப்பட்டியை வைத்துத்தான் அடுத்த ஏழு மாதத்தை ஓட்ட வேண்டும். அந்த மாதத்தில் ஒரு வாரம் முழுக்க ஒரு ஆர்டர்கூட வரவில்லை. சென்னையில் என் பழைய மேலாளரின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, கூப்பிடலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது, அந்தப் பருவம் முழுக்க நான் படம் எடுப்பதற்காகப் பெரியப்பாவின் பின்னாலேயே சுற்றியபோது பார்த்த ஒரு காட்சி. அவருக்கு முப்பது மரம். ஒவ்வொன்றிலும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஏற வேண்டும். பாளையைச் சீவிவிடாவிட்டால் அடுத்த நாள் பதநீர் சுரக்காது. விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். பத்தாவது மரத்திலிருந்து இறங்கியதும் அரிவாள்பெட்டியை இடுப்பிலிருந்து கழற்றி வைத்துவிட்டு மரத்தடியில் உட்காருவார். மடியிலிருந்து வெற்றிலை வரும். ஆத்தூர் வெற்றிலைதான் வேண்டும், வேறு எதுவும் ஆகாது. காம்பைக் கிள்ளி, முதுகுப்புறம் நரம்பைக் கட்டைவிரல் நகத்தால் கீறி எடுத்து, கலயத்தில் தடவ வைத்திருக்கும் சுண்ணாம்பிலிருந்தே ஒரு பொட்டு எடுத்துத் தடவி, மடித்து வாயில் போட்டுக்கொள்வார். இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் எதையும் பார்க்கமாட்டார், பேசமாட்டார். பிறகு எழுந்து பதினோராவது மரம். இருபதாவதில் மறுபடியும் வெற்றிலை. எத்தனை மரம் பாக்கி என்று கேட்டால் அவருக்கு எரிச்சல் வரும். “வெற்றிலைக்கு இன்னும் நாலு மரம் இருக்கிறது” என்றுதான் பதில் சொல்வார்.

சுவரிலிருந்த தாளைக் கிழித்தேன். பால் கணக்கும் சேர்ந்து கிழிந்ததற்கு வசவு வாங்கினேன். கணக்குப் புத்தகத்தில் ஒரு புதிய தலைப்புத் திறந்து ‘கொண்டாட்டம்’ என்று எழுதினேன். அதற்கு ஒரு சட்டமும் போட்டேன்: ஒரு தடவைக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, அன்றைக்கே செய்துவிட வேண்டும், வீட்டில் அப்போது யார் இருந்தாலும் பங்கு கொடுக்க வேண்டும்.

எதற்கெல்லாம் கொண்டாட்டம் என்பதில்தான் அம்மாவுக்கும் எனக்கும் முதல் தகராறு. பத்தாவது பார்சல், ஐம்பதாவது பார்சல், நூறாவது பார்சல் என்று நான் பட்டியல் போட்டிருந்தேன். அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, “மொய் எழுதும்போது நூறு ரூபாய் எழுதுவார்களா, நூற்றியொன்று எழுதுவார்களா?” என்றார். முழு எண்ணில் நிறுத்தினால் கணக்கு அத்தோடு முடிந்தமாதிரி ஆகிவிடும் என்பது அவர் கட்சி. ஒன்று கூட்டி வைத்தால் அடுத்த நூறு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. எனக்கு மூடநம்பிக்கையாகப் பட்டாலும் வீண் சண்டை எதற்கு என்று 11, 51, 101 என்று மாற்றிக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோது அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஜோசப் நூன்ஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இருவர் அமெரிக்காவில் கார் கழுவும் நிலையம் ஒன்றில் செய்த சோதனை, 2006-இல் வெளியானது. 300 வாடிக்கையாளர்களுக்கு முத்திரை அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள அட்டை. எட்டு முறை கழுவினால் ஒரு முறை இலவசம். மற்றவர்களுக்குப் பத்துக் கட்டம், ஆனால் இரண்டில் முன்கூட்டியே முத்திரை குத்தியிருந்தது. இரண்டு கூட்டத்துக்கும் பாக்கி அதே எட்டு முறைதான். முதல் கூட்டத்தில் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவது கூட்டத்தில் 34 சதவீதம். வெற்றுக் கட்டத்திலிருந்து தொடங்குவதும் ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஒன்றைத் தொடர்வதும் மனதுக்கு ஒன்றல்ல போலிருக்கிறது. மொய் நோட்டு எழுதுகிறவர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. நெல் அளந்தவர்களுக்கும்.

எண்ணிக்கை மட்டும் கணக்கில்லை. ஆர்டர் வருவது என் கையில் இல்லை. திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை செய்கிறவர்கள் வாங்குவார்கள், அடுத்த மாதம் அடங்கிவிடும். ஆகவே என் கையில் இருப்பவற்றையும் பட்டியலில் சேர்த்தேன். உணவுப் பொருள் விற்பதற்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவுக்கு அப்போது ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான், ஆனால் விண்ணப்பத்தில் எதை எங்கே இணைப்பது என்று புரியாமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். பதினான்கு இலக்க எண் கைக்கு வந்த அன்று நன்னாரி சர்பத். ஒரு வாரம் முழுக்க, வந்த கேள்விகளுக்கெல்லாம் அன்றன்றே பதில் சொல்லிவிட்டால் பஜ்ஜி. ஒருமுறை வாங்கியவர் தானாகவே மறுபடி கேட்டால், அது யாராக இருந்தாலும், எத்தனை கிராமாக இருந்தாலும், ஆளுக்கொரு கடலை மிட்டாய். அந்த முதல் கோயம்புத்தூர் அம்மையார் ஆகஸ்டில் மறுபடி இரண்டு கிலோ கேட்டார். முதல் தடவை செய்யாமல் விட்டதற்கும் சேர்த்து இரண்டு பாக்கெட் வாங்கினேன்.

மழைக்காலக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். கருப்பட்டிக்கு ஈரக் காற்று ஆகாது. ஐப்பசியில் சும்மா வைத்திருந்தாலே மேலே கசிந்து பிசுபிசுக்கும். 2021 அக்டோபரில் கொச்சிக்குப் போன பார்சல், அட்டைப்பெட்டியின் அடி நனைந்து, எறும்பு மொய்த்துப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை, படம் மட்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மாவும் நானும் மூன்று வாரம் பார்சல் கட்டும் விதத்தோடு மல்லுக்கு நின்றோம். வட்டை வெயிலில் காட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத உறையில் ஒட்டி, கொட்டானில் வைத்து, கொட்டானுக்கும் பெட்டிக்கும் நடுவில் காய்ந்த ஓலை நறுக்கைத் திணித்துப் பார்த்தோம். சோதனைக்காக எனக்கு நானே அனுப்பிக்கொண்டேன். திருநெல்வேலியில் தோழி வீட்டுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வரும். மூன்றாவது சுற்றில் பெட்டி உலர்ந்து வந்தது. பிரித்து, வட்டை விரலால் தடவி, விரலை நக்கிப் பார்த்துவிட்டு, “ஒட்டவில்லை” என்றார் அம்மா. அந்த ஒரு சொல்லுக்கு அன்றைக்குப் பஜ்ஜி ஓடியது. விற்பனை பூஜ்யமான நாள் அது.

இனி, பட்டியலில் நான் சேர்த்த இன்னொன்று: ஒன்பது கட்டம்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. முதல் இலக்கம் வட்டாரத்தைச் சொல்லும். தமிழ்நாடும் கேரளமும் 6. ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் 5. மும்பை இருக்கும் மகாராஷ்டிரம் 4. இப்படி 8 வரை நாட்டைப் பிரித்திருக்கிறார்கள். மிஞ்சியிருக்கும் 9 ராணுவ அஞ்சலுக்கு. பார்சல் போய்ச் சேர்ந்த வட்டாரத்துக்குப் புள்ளி வைக்க, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒன்பது கட்டம் கிழித்து, பத்து லட்சம் இருந்த இடத்தில் ஒட்டினேன். ஆறில் ஏற்கெனவே புள்ளி வைத்தாகிவிட்டது. ஐந்து பெங்களூரு, உடனே நிரம்பியது. நான்கு மும்பை மாட்டுங்கா. ஒன்று தில்லி. இரண்டு நொய்டா. மூன்றுக்கு நான்கு மாதம் காத்திருந்தேன். அகமதாபாத் மணிநகரில் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பது அந்த ஆர்டர் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஏழு கரக்பூரில் படிக்கும் ஒரு மாணவர். சளிக்குப் பனங்கற்கண்டு அனுப்பச் சொல்லி அவருடைய அம்மா பணம் கட்டினார். எட்டு ஜாம்ஷெட்பூரிலிருந்து, ஓய்வுபெற்ற எஃகு ஆலைத் தொழிலாளி ஒருவர். நாற்பது ஆண்டுகளாகக் கருப்பட்டிக் காப்பி குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஐந்து கிலோவாக அனுப்பச் சொன்னார். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று அம்மா பின்னாலிருந்து கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை.

ஒன்பது வருமென்று நான் நினைக்கவே இல்லை. கட்டம் அழகாக இருக்கட்டும் என்றுதான் கிழித்திருந்தேன். 2022 டிசம்பரில் கோவில்பட்டியிலிருந்து ஒரு பெண் பேசினார். கணவர் படையில் இருக்கிறார், சுக்குக் கருப்பட்டி ஒரு கிலோ அவருக்கு அனுப்ப முடியுமா என்றார். முகவரியைச் செய்தியில் அனுப்பினார். படித்தால் ஊரே இல்லை. எண், பெயர், பிரிவு, பிறகு 56 ஏபிஓ என்ற ராணுவ அஞ்சல் நிலையம், ஒன்பதில் தொடங்கும் பின்கோடு. கூரியர்காரர் பார்த்துவிட்டு, “இது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாதே” என்று திருப்பிக் கொடுத்தார். அஞ்சல் நிலையத்தில் தபால் அம்மாள் மட்டும் கேள்வியே கேட்காமல் எடைபோட்டு, ஸ்பீடு போஸ்டில் ஏற்றி, “எங்கே இருந்தாலும் போய்ச் சேரும்” என்றார். ரசீதில் இருந்த எண்ணைத் தினமும் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்துக்குப் பிறகு அது நகரவே இல்லை. அதற்கு மேல் பொதுமக்களுக்குச் சொல்லமாட்டார்கள் போலிருக்கிறது.

பத்தொன்பதாம் நாள் அந்தப் பெண் ஒரு குரல் பதிவை அனுப்பினார். பின்னணியில் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. வட்டு இறுகிப் பாறையாகிவிட்டதாம், கல்லை வைத்து உடைத்துக் கட்டங்காப்பி போட்டார்களாம், பஞ்சாபிக்காரர் ஒருவர் இது என்ன மருந்து என்று கேட்டாராம். முப்பது நொடிதான். பெரியப்பா அதை ஐந்து முறை போடச் சொல்லிக் கேட்டார். அந்தக் கருப்பட்டி எந்த மரத்துப் பதநீர் என்று சொல்ல முடியுமா என்று அவரிடம் கேட்டேன். “எல்லா மரமும்தான்” என்றார். அன்றைக்கு நானே என் சட்டத்தை மீறினேன். முதலூர் போய் மஸ்கோத் அல்வா கால் கிலோ வாங்கி வந்தோம்.

இதையெல்லாம் ஸ்டேட்டஸில் போடவில்லை. அம்மாவுக்குக் கண்ணேறு பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை என்றாலும் வேறு காரணம் இருக்கிறது. ஒருமுறை 201-ஆவது பார்சலுக்குப் பலூன் படம் போட்டு ‘நன்றி நன்றி’ என்று எழுதினேன். அன்று மாலை முழுக்க யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்ததில், வாங்கி வைத்த பஜ்ஜி ஆறிப்போனது. யார் வாழ்த்தவில்லை என்ற கணக்கு வேறு. அத்தோடு விட்டேன்.

பெரிதாகக் கொண்டாடியும் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 501-க்கு வீட்டிலுள்ள ஏழு பேரையும் திருச்செந்தூருக்கு அழைத்துப் போய் ஓட்டலில் சாப்பாடு. பில் 4,200 ரூபாய். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் பெட்டியை எடுத்தால் கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல் மாதிரி இருக்கிறது. கை வேலைக்குப் போகவில்லை. மூன்று நாள் ஒரு பார்சலும் அனுப்பவில்லை. 502-ஆவது ஆள் இரண்டு முறை செய்தி அனுப்பிக் கேட்ட பிறகுதான் எழுந்தேன். பஜ்ஜிக்குப் பிறகு அப்படி ஒருநாளும் ஆனதில்லை. கையைத் துடைத்துவிட்டு டேப்பைக் கிழிக்க வேண்டியதுதான்.

2023 டிசம்பர் 17. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்களுக்குத் தேதியைச் சொன்னால் போதும். எங்களிடமிருந்து அதிக தூரமில்லாத காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று பயணிகள் சிக்கிக்கொண்ட செய்தியெல்லாம் எங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். மின்சாரமும் இல்லை, போனும் இல்லை.

பின்கட்டு அறையில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பலகை போட்டு, முப்பத்தெட்டுச் சிப்பம் அடுக்கியிருந்தோம். சிப்பம் பத்துக் கிலோ. ஓலைப்பாயில் கட்டியது. இரவு பதினோரு மணிக்குத் தண்ணீர் பலகையைத் தொட்டது. மேலே இருந்த ஏழெட்டைத் தூக்கிப் பரண்மேல் போட முடிந்தது. அதற்குள் இடுப்பளவு வந்துவிட்டது. விடிந்ததும் கதவைத் திறந்து பார்த்தேன். கருப்பட்டி மிதக்காது, அடித்துக்கொண்டும் போகாது. இருந்த இடத்திலேயே கரைந்துவிடும். அறை முழுக்கக் காப்பி நிறத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. சிப்பம் கட்டிய பாய்கள் மட்டும் வயிறு ஒட்டிப்போய் மேலே கிடக்கின்றன. வாசனை மட்டும் குறையவில்லை. விடிலியில் பதம் வரும் நேரத்தில் எழுமே, அதே வாசனை. பெரியம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். ஒரு கிலோவுக்கு எட்டு ஒன்பது லிட்டர் பதநீர் சுண்ட வேண்டும். கணக்குப் போட எனக்குத் தெரியும், போடவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு எறும்பு வந்தது. சுவர் நெடுக, கூரைவரை, கறுப்புத் துணி விரித்ததுபோல. பத்து நாள் கழுவினோம். ஒன்பது கட்டத் தாளில் மை ஊறி, எது நொய்டா எது ஜாம்ஷெட்பூர் என்று தெரியாமல் போயிருந்தது.

போன் உயிர் பெற்றதும், பணம் கட்டிக் காத்திருந்த பதினோரு பேருக்கும் செய்தி அனுப்பினேன்: சரக்கு போய்விட்டது, பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நான்கு பேர் வாங்கிக்கொண்டார்கள். ஏழு பேர், இருக்கட்டும், எப்போது முடிகிறதோ அப்போது அனுப்புங்கள் என்றார்கள். பேரேட்டில் அன்றைய தேதியில் அதைத்தான் எழுதினேன். நட்டம் ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில், ‘ஏழு பேர்’. எந்தக் கணக்கியல் முறையிலும் அந்தப் பதிவு செல்லாது. தெருவில் எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. நிவாரணத்துக்கு வந்த பிஸ்கட்டில் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டோம். செலவு: ரூபாய் 0.

ஜனவரியில் சாயல்குடிப் பக்கத்து வியாபாரி ஒருவரிடமிருந்து இரண்டு சிப்பம் கடனுக்கு வந்தது. பரணில் தப்பியதையும் பிரித்து வெயிலில் காட்டினோம். அம்மா பின்னால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்த ஏழு பேரில் முதல் ஆள் வேலூர். கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு, வட்டை எடுத்துத் தட்டிப் பார்த்து உள்ளே வைத்தேன். லாபம், இரண்டு, மூன்று என்று என் வாய் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போகிறது. நான்காவதுக்கு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. தேய்க்கிற சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது.

எனவே, ஆடிட்டர் அலுவலகத்துத் தம்பிக்கு: அந்தத் தலைப்பை ‘ஊழியர் நலம்’ என்ற கணக்கில் சேர்த்துக் காட்டலாம் என்று உங்கள் மூத்தவர் நேற்றுச் சொன்னார். அப்படியே செய்யுங்கள். என் புத்தகத்தில் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கும்.

இந்த மாதம் 2,501 வருகிறது. பட்டியலில் அன்றைக்குக் கடலை மிட்டாய் என்று எழுதியிருந்தேன். பெரியப்பா இப்போதுதான் பல் கட்டியிருக்கிறார், கடிக்க முடியாதாம். முதலூர் அல்வாதான் வேண்டும் என்று பெரியம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஐம்பது ரூபாய்க்கு எத்தனை கிராம் கொடுப்பார்கள் என்று விசாரிக்க வேண்டும்.